சிப்பில் ஒரு காலி இடம்

"யாரைக் கேட்டு இவ்வளவு இடத்தைக் காலியா விட்டிருக்கீங்க?"

டீம் லீடர் போட்ட சத்தத்தில் பக்கத்து மேஜைக்காரர் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார்.

பின்னே, கத்தமாட்டாரா? படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்காக அவர்கள் செய்வது ஒரு குரல் சுவிட்ச். 'விளக்கு' என்று சொன்னால் விளக்கு எரியும். உள்ளே இருப்பது நகத்தளவு சிப். அதற்குத் தெரிந்த கட்டளைகள் கொஞ்சம்தான். ஆனால் சொன்னதைச் சட்டென்று செய்துவிடும். நினைவகமோ அதைவிடக் கொஞ்சம். அதில் போய்ப் பாதியை, வருகிற குரலைப் பிடித்து வைக்க என்று ஒதுக்கியிருந்தாள் புரோகிராமர் பெண். சோதித்தபோது அந்தப் பாதியிலும் முக்கால்வாசி இடம் சும்மா கிடந்தது.

கருவியைப் போட்டதும் அது 'வணக்கம்' சொல்ல வேண்டுமென்று முதலாளிக்கு ஆசை. அதற்கு இடமில்லை. சாயங்காலம் சரக்கு கிளம்பியாக வேண்டும்.

"விளக்குன்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சிடும். அதுக்கு எதுக்கு இவ்வளவு இடம்? எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல."

"அ... அது... வந்து சார்..."

அவளுக்குத் திக்குவாய். லீடர் இளகின மனசுக்காரர், அவள் தவிப்பதைப் பார்க்கப் பொறுக்காது. மிச்சத்தை அவரே சொல்லி முடித்துவிடுவார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட.

"வந்து, கவனிக்காம விட்டுட்டீங்க. அதானே?"

"இ... இல்ல சார். வா... வாங்க..."

"வாங்கிக் கட்டிக்குவோம்னு பயமா? அட, நான் என்ன கடிச்சா திங்கப்போறேன்? நகருங்க, நானே மாத்திக்கிறேன்."

அவள் கீபோர்டைக் கையால் மறைத்தாள். லீடருக்கு ஒரே குழப்பம். இவ்வளவு கெட்டிக்காரப் பெண், வெறும் காலி இடத்துக்கு ஏன் இப்படி மல்லுக்கட்டுகிறாள்?

ஒருவழியாக அவளை நகர்த்திவிட்டுக் காலி இடத்தை வெட்டினார். வணக்கத்தை அதில் ஏற்றினார்.

"வணக்கம்" என்றது கருவி.

"விளக்கு!" என்றார் லீடர். பளிச்சென்று எரிந்தது.

"பார்த்தீங்களா? இப்ப நீங்க சொல்லுங்க பார்ப்போம்."

"வி... வி... விள..."

"புரியவில்லை" என்றது கருவி.

"வி... வி..."

"புரியவில்லை."

தான் எழுதியது அப்படியே இருந்த பழைய கருவியை இழுத்து முன்னால் வைத்தாள்.

"வி... வி... விள... விளக்கு."

அவள் முடிக்கும்வரை அது மூச்சு விடவில்லை. முடித்ததும் விளக்கு எரிந்தது.

லீடர் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். பக்கவாதம் வந்து வாய் குழறுகிறவர்கள்தான் இதை வாங்கப்போகிறவர்கள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வெட்கமாகப் போய்விட்டது.

"ஏம்மா, இதை முதல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொ... சொ..."

பழக்கதோஷம், அவர் வாய் திறந்துவிட்டது. சட்டென்று மூடிக்கொண்டார். கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் காத்திருந்தார்.

"சொ... சொல்லிக்கிட்டேதான் சார் இருந்தேன்."