தேடித் தரும் அந்தோணியார்

"அந்த பங்ளாக்காரன்தான் எடுத்திருப்பான். வேற யாரு வந்தா அந்தப் பக்கம்?"

விசாரணையே இல்லாமல் தீர்ப்பு எழுதிவிட்டார் புவனேஸ்வரன். தோட்ட ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி வேலை. வீட்டிலும் அதே அதிகாரம்தான்.

அவர் மனைவி கங்கா தேயிலைக் காட்டுக் குறுக்குப் பாதையில் வந்தபோது தாலிச் சங்கிலி அறுந்து எங்கேயோ விழுந்துவிட்டது. அந்தக் காட்டில் கொழுந்து வெட்டும் மெஷின் பிடிப்பவன் ரபிக், வங்காளதேசத்துப் பையன்.

"பாக்காம பழி போடாதீங்க. நான் அந்தோணியார்கிட்ட சொல்லிட்டேன்லா" என்றாள் கங்கா. அழுதழுது கண் வீங்கியிருந்தது.

"நாம கும்புடுறது முருகன. அவரு எதுக்கு உனக்குத் தேடப் போறாரு?"

கிராணிக்கு என்ன தெரியும்? தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து முனையில் சின்னதாய் ஒரு கெபி, கல் மாடம். உள்ளே பழுப்பு அங்கி, ஒரு கையில் குழந்தை இயேசு, மறு கையில் லில்லிப் பூ. எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் இத்தாலியில் கண்மூடிய துறவி, இந்தக் குளிர் மலையில் நின்றுகொண்டு தொலைந்ததையெல்லாம் தேடித் தருகிறார்!

தனுஜா டீச்சரின் கைபேசி, யாரோ சுற்றுலாக்காரியின் மோதிரம், குணாளனின் லோரி சாவி எல்லாமே அவர் காலடியில்தான் கிடைத்தன. அதுவும் அவருக்குரிய செவ்வாய்க்கிழமை காலையில். சாமிக்கு ஏது மதம்? இந்து வீட்டு மெழுகுவத்திகளும் அங்கே எரிந்தன.

"செவ்வாய் வரைக்கும் பொறுங்க" என்றாள் கங்கா.

"சரி. அன்னைக்கும் கெடைக்கலன்னா துரைகிட்ட சொல்லி அவன் பெர்மிட்டயே கேன்சல் பண்ண வைக்கிறேன். ஊருக்கே ஓடட்டும்."

செவ்வாய் விடிந்தது. கங்கா கையில் மெழுகுவத்தியும் ரொட்டியும். பின்னாலேயே கிராணி.

பனிக்குள் கெபி தெரிந்தது. அந்தோணியாரின் கைமேல் இன்னொரு கை!

"பாத்தியா! சாமிகிட்டயே கை வைக்கிறான்!"

கிராணி பாய்ந்து ரபிக்கின் மணிக்கட்டைப் பிடித்தார். அவன் திமிறவில்லை. பிடிபட்ட கை வெறுங்கை.

அந்தோணியாரின் கையில், குழந்தையின் காலுக்குக் கீழே, தாலிச் சங்கிலி ஆடிக்கொண்டிருந்தது. அறுந்த இடத்தில் நூல் போட்டு முடிச்சு.

கங்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு மெல்லத் திரும்பி ரபிக்கைப் பார்த்தாள்.

"அந்த போன், மோதிரம், சாவி... எல்லாம் நீதானா தம்பி?"

அவன் தலையாட்டினான்.

"இன்னிக்கி ஆளு நெறைய வரும். யாரு தொலைச்சாலும் கெடைக்கும். அதான் இங்க வச்சேன் அக்கா."

கங்கா சங்கிலியைத் தொடவும் மறந்து அவனையே கும்பிட்டாள்.

கிராணி மட்டும் பிடியை விடவில்லை. "கெடச்சா ஆபீஸ்ல கொண்டாந்து குடுக்க வேண்டியதுதானே? அது என்ன திருட்டுத்தனமா இங்க?"

ரபிக் தயங்கினான். தெரிந்த தமிழைக் கூட்டிச் சேர்த்துச் சொன்னான்.

"மொத தடவ ஒரு பர்ஸ் கெடச்சிச்சு. ஆபீஸ்லதான் குடுத்தேன் கிராணி. 'எங்கடா திருடுன'ன்னு நீங்க கேட்டீங்க. இவரு கேக்கல."