கட்டி வைத்த குப்பை

செங்குத்துப் பாறையில் அடித்த பலகைப் பாதையில் நடக்கும் பயணிகள் பயத்தில் கைநழுவவிடும் தண்ணீர்ப் புட்டிகளைப் பொறுக்குவதுதான் ஜுவோ குவாங்தியனின் வேலை. தினம் மூன்று முறை கயிற்றில் இறங்குவார். மேலே மனைவி ஷியூலியன் கயிற்றைப் பிடித்திருப்பாள். அவருக்கு ஐம்பத்தாறு வயது. முழங்கால் இரண்டும் தேய்ந்துபோயிருந்தன.

திங்கட்கிழமை அறுபது மீட்டர் கீழே, பாறைத் திட்டில், குப்பை முழுவதும் ஏற்கெனவே ஒரு பையில் கட்டி வைக்கப்பட்டிருந்தது. செவ்வாயும் அப்படியே.

"வேற யாரையாவது இறக்குறாங்களா?" என்று வயர்லெஸ்ஸில் கேட்டார்.

"இந்தப் பக்கத்துக்கே இருக்கிறது ஒரே கயிறு. அது என் கையில இருக்கு. வெயில் மண்டையில ஏறிடுச்சா, கிழவா?"

அதற்குமேல் யோசிக்க அவருக்கு அலுப்பாக இருந்தது. குனிய வேண்டியதில்லை, அதுவே போதும். வெள்ளிக்கிழமை, மதியத்துக்குக் கொண்டுவந்த, ஆவியில் வேகவைத்த பன்னில் பாதியைப் பிய்த்துப் பாறைமேல் வைத்தார். "ரொம்ப உபகாரம்ப்பா. நீயும் களைச்சுத்தான் போயிருப்ப," என்று சொல்லிவிட்டு மேலேறினார்.

இடுப்பு வாரைக் கழற்றிவிட்டு மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார். கழற்றிய கயிறு பாறைக்குக் கீழே சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. திடீரென்று அது இரண்டு தடவை வெட்டி இழுபட்டது. மேலே தூக்கச் சொல்லி அவர் வழக்கமாகக் கொடுக்கும் சைகை அது.

ஷியூலியன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த கணவரைத் திரும்பிப் பார்த்தாள். கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள்.

"கனமா இருக்கு," என்றாள் மெதுவாக. "ஒரு ஆள் கனம்."

குவாங்தியன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே எழுந்தார்.

"எத்தனை நாளா கீழ கெடக்குறானோ, பாவம்."

கையுறையை மாட்டிக்கொண்டு அவரும் கயிற்றைப் பிடித்தார். இருவரும் இழுக்கத் தொடங்கினார்கள்.