தேவையற்ற அசைவு

ஒரகடம் தொழிற்சாலையில் இப்போது ஈயம் உருக்கி ஒட்டும் சோல்டரிங் வேலையைச் செய்வது நாற்பது இயந்திரக் கைகள். எல்லாம் பூவிழியிடம் கற்றவை. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மாதம், கையசைவைப் பதிவுசெய்யும் உணரிக் கையுறை மாட்டி அவள் செய்த வேலைதான் அவற்றின் பாடம். பாடம் முடிந்ததும் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

இன்று திரும்ப அழைத்திருந்தார்கள்.

"இதப் பாருங்கக்கா," என்றாள் இளம் பொறியாளர் அட்சயா.

நாற்பது கைகளும் சட்டென்று வேலையை விட்டுக் கீழே இறங்கின. வெறும் காற்றைத் தொட்டு நின்றன. பிறகு மேலே வந்தன.

"அடிக்கடி ரெண்டு செகண்ட் வீணாப்போகுது. எதுக்குக்கா இப்படிச் செஞ்சீங்க?"

கையுறை மாட்டிய அந்த நாட்களில் பூவிழிக்கு ஐந்து மாதம். தெரிந்தால் வேலை போய்விடும் என்று தளர்ந்த மேலங்கிக்குள் மறைத்திருந்தாள். குழந்தை அசையும்போதெல்லாம் கை தானாக வயிற்றுக்குப் போகும். ஆறாம் மாதம் அது அசையவில்லை. அது இருந்ததற்கு அவளிடம் ஒரு ஸ்கேன் படம்கூட இல்லை.

"ஈயம் ஆறணும்ல, அதுக்குத்தான். அத எடுத்துட்டா ஜாயின்ட் விட்டுடும்மா," என்று பொய் சொன்னாள்.

அட்சயா ஒரு கையில் மட்டும் அந்த அசைவை நீக்கிப் பார்த்தாள். ஜாயின்ட் உறுதியாகவே இருந்தது.

"ஒண்ணும் ஆகலயே! சும்மா பழக்கம்தான் போல." சிரித்தபடி ஒரு படிவத்தை நீட்டினாள். 'தேவையற்ற அசைவை நீக்கச் சம்மதிக்கிறேன்' என்றிருந்தது. "உங்க அசைவாச்சே, நீங்கதான் கையெழுத்துப் போடணும்."

அந்த ஆறாம் மாதம் ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான் ஒரு தாளை நீட்டினார்கள். அதில் கணவன் போட்டான். இதில் அவளே போட்டாள்.