சலூன்காரரின் சந்தேகங்கள்

"இன்னும் எத்தனை கேள்வி வச்சிருக்கீங்க?" என்றார் டாக்டர். குரலில் மரியாதை இருந்தது. முகத்தில் இல்லை.

"அஞ்சே அஞ்சுதான் டாக்டர்," என்றார் சலூன்காரர், கையிலிருந்த துண்டுச் சீட்டைப் பார்த்து.

மருத்துவமனையின் நெறிமுறைக் குழு கூடி ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. ரத்த நோயுள்ள குழந்தைகளுக்கு, கூடப் பிறந்தவர்களிடமிருந்து ஸ்டெம் செல் எடுத்துப் புது முறையில் செலுத்திப் பார்க்கும் ஆராய்ச்சி. டாக்டரின் ஐந்து வருட உழைப்பு. குழு இன்று தலையாட்டினால் அடுத்த வாரமே தொடங்கலாம். இல்லையென்றால் அடுத்த கூட்டம் மூன்று மாதம் கழித்துத்தான்.

குழுவில் மருத்துவம் தெரியாத ஒருவரும் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த விதியின் புண்ணியத்தில்தான் எதிர்த் தெரு சலூன்காரர் உள்ளே வந்தார். ஒரு வருடமாக டீயைக் குடித்துவிட்டு, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன மனிதர். இன்றைக்கு அவருக்கு என்ன வந்ததோ, விடாப்பிடியாக உட்கார்ந்திருந்தார்.

"கேளுங்க, கேளுங்க," என்றார் தலைவர். அவர் ஓய்வு பெற்ற நீதிபதி. எத்தனையோ வாய்தாக்களைப் பார்த்த அவருக்கே கொட்டாவி வந்தது.

"மருந்து கொடுத்தா முடி கொட்டிடும்னு பிள்ளைங்களுக்குக் கொடுக்குற படிவத்துல போட்டிருக்கு. திரும்ப முளைக்கும்போது பழைய மாதிரியே வருமா, சுருட்டையா வருமா?"

"தொழில் கவலை," என்று டாக்டர் சிரித்தார். "ரெண்டும் நடக்கலாம். உங்க கத்தரிக்கு எப்படியும் வேலை இருக்கும்."

"அக்காவோட செல்லைத் தம்பிக்கு ஏத்துறீங்க. அவனுக்கும் அக்கா மாதிரி கணக்கு வருமா?"

"வராதுங்க. இது ரத்தத்துக்கு மட்டும்தான். கணக்குக்கு டியூஷன்தான் போகணும்."

"சரி. கொடுத்ததுக்கு அப்புறம் ரெண்டு பேருக்கும் சண்டை வந்துட்டா, செல்லைத் திருப்பிக் கேக்கலாமா?"

தலைவர் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். "முடியாது. சட்டப்படி கொடுத்தது கொடுத்ததுதான்," என்றார். இன்று அவருக்குப் பதில் தெரிந்த ஒரே கேள்வி அது.

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். சலூன்காரர் சீட்டைப் பார்த்தார்.

"ஒரு மாசம் கண்ணாடி ரூம்ல தனியா இருக்கணும்னு இருக்கு. உள்ள இருந்து அழுதா வெளியே கேக்குமா?"

"ஏங்க, ரூமை வாடகைக்கா பாக்குறீங்க?"

"கேக்குமா, கேக்காதா டாக்டர்?"

டாக்டர் படிவத்தைப் புரட்டிப் பார்த்தார். பதினெட்டு வருடமாக அந்த அறைக்குள் போய் வருகிறவர். "அது... விசாரிச்சுச் சொல்றேன்."

"கடைசிக் கேள்வி. செல்லு உடம்புல பிடிக்காமப் போயிடுச்சுன்னா, அது கொடுத்த பிள்ளையோட தப்பா?"

"அப்படி யாராவது நினைப்பாங்களா? இதெல்லாம் ஒரு கேள்வியா?" டாக்டருக்குப் பொறுமை போய்விட்டது. "தலைவர் சார், நீங்களே சொல்லுங்க. ஏழு வயசுப் பிள்ளைக்கும் புரியணும்னு இந்தப் படிவத்தை நானே உக்காந்து எழுதினேன். முதல் பக்கத்துல முயல் படம் வேற போட்டிருக்கேன். லிஸ்ட்ல இருக்குற பன்னிரண்டு பிள்ளைங்களையும், கொடுக்கப்போற அண்ணன் அக்காவையும், அப்பா அம்மாவோட உக்கார வச்சு வரி வரியா படிச்சுக் காட்டினேன். ஒரு பிள்ளைக்கும் ஒரு சந்தேகமும் வரலை. அத்தனையும் தலையாட்டுச்சு. எனக்குப் பிள்ளைங்க மனசு தெரியும் சார். அதுங்களுக்கே புரிஞ்சது இவருக்குப் புரியலைன்னா, அதுக்காக அத்தனை பேரும் மூணு மாசம் காத்துக் கிடக்கணுமா?"

நியாயமான கோபம்தான். மற்றவர்களும் சலூன்காரரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

"டாக்டர் சொல்றது சரிதானுங்க," என்றார் தலைவர். "உங்க சொந்தச் சந்தேகத்தை எல்லாம் தீர்த்துக்க இது இடம் இல்லை."

"எனக்கு ஒரு சந்தேகமும் இல்லைங்களே," என்ற சலூன்காரர் தன் ஒப்புதல் தாளைத் திருப்பிக் காட்டினார். சம்மதம் என்ற கட்டத்தில் அவருடைய கையெழுத்து இருந்தது. "வந்த உடனே போட்டுட்டேன். நல்ல காரியம், தள்ளிப்போடக் கூடாது."

"அப்ப இவ்வளவு நேரம் கேட்டது?"

"கடை லீவு நாள்ல பிள்ளைங்க வார்டுக்கு முடி வெட்டப் போவேன் சார். கழுத்துல துணியைக் கட்டிட்டா பிள்ளைங்க எதை வேணா பேசும். இதெல்லாம் அதுங்க என்கிட்ட கேட்டது. யாருன்னு சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன். அதான் என் சந்தேகம் மாதிரி கேட்டேன்."

 டாக்டருக்கு உண்மையிலேயே வலித்தது.

"என்கிட்டயே கேட்டிருக்கலாமே. நான் என்ன புலியா, கடிச்சா தின்னுடுவேன்?"

"நானும் அப்படித்தான் சொன்னேன் டாக்டர்." சலூன்காரர் சீட்டை மடித்து அவர் கையில் கொடுத்தார். "அதுக்கு ஒரு பிள்ளை சொல்லுச்சு: 'அங்க அம்மா பக்கத்துலயே உக்காந்திருக்காங்க மாமா. டாக்டருக்குப் பதில் தெரியலைன்னா அம்மா பயந்துடுவாங்க.'"