பயம் என்று ஒரு பெயர்

பிறந்த மகளுக்குப் பெயர் வைக்க முடியாமல் திணறினான் ரென்யி. சீனாவில் குடும்பப் பெயர் முன்னால் வரும். அவனுடைய குடும்பப் பெயர் 'ஜியா'. அதைச் சொன்னால் 'போலி' என்றும் காதில் விழும். 'அன்பு' என்று வைத்தால் போலி அன்பு; 'அழகு' என்றால் போலி அழகு.

"ரென்யின்னா நல்ல குணம். ஸ்கூல்ல என்னைப் 'போலி நல்லவன்'னே கூப்பிட்டானுங்க. இவளுக்கும் அந்தக் கதி வேண்டாம்."

"வராது. 'வெய்'னு வைப்போம்," என்றாள் மனைவி பெய்லிங்.

குழந்தையைப் பார்க்க வந்திருந்த நார்வேத் தோழி இங்ரிட், சீனமொழி கற்று வருபவள், திடுக்கிட்டாள். "மிஸஸ் ஜியா, வெய்னா பயம்தானே? பொண்ணுக்குப் போய்ப் பயம்னு பேர் வைப்பீங்களா?"

"போலிப் பயம்! ஊரே சிரிக்கும்," என்றான் ரென்யி.

"ஒருத்தரும் சிரிக்க மாட்டாங்க. முடிவு பண்ணிட்டேன். இங்ரிட், முதல்ல இந்த மிஸஸ் ஜியாவை விடு. இங்க கல்யாணம் ஆனா பொண்ணுங்க பேரை மாத்திக்கிறதில்ல. நான் எப்பவும் 'வூ' குடும்பம்தான். பிள்ளைக்கு அம்மாவோட குடும்பப் பேரையும் வைக்கலாம்."

"எங்கப்பா விடுவாரா?" என்றான் ரென்யி.

"கேட்டுட்டேன். 'ஆயுசு பூரா நான் போலியா இருந்தது போதும், பேத்தியாவது தப்பிக்கட்டும்'னு சொல்லிட்டார்."

"சரி, அதுக்கு ஏன் பயம்னு பேரு?"

"வூன்னா 'இல்லாத'ன்னு கேக்கும். அதனால பின்னால கெட்ட வார்த்தையாப் பாத்துத்தான் வைக்கணும்."

குழந்தையின் பெயர் வூ வெய். கேட்பவர் காதில் அது 'பயமில்லாதவள்' என்று விழும்.