பாஞ்சாலியின் கட்டைவிரல்

ஆண்டியின் சம்மதத்தாளில் இருந்த ரேகை ரொம்பத் தெளிவாக இருந்தது. அதுதான் சில்வியாவை உறுத்தியது.

ஆண்டி முப்பது வருடம் கல்குவாரியில் கல் உடைத்தவர். சில்வியாவின் அப்பா சவரியும் குவாரிக்காரர்தான். அவர் கட்டைவிரல் குதிகால் மாதிரி மழுங்கிப்போயிருக்கும். அப்படிப்பட்ட விரலை மையில் தோய்த்து வைத்தால் தாளில் கறுப்புத் திட்டு விழும். கோடு விழாது.

புது மருந்தை மனிதருக்குக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வுகளில், சேர்ந்தவர்கள் எல்லாம் தெரிந்து சம்மதித்துத்தான் சேர்ந்தார்களா என்று சோதிப்பது அவள் வேலை. பதினெட்டு வருடமாக அதே வேலை.

நுரையீரல் மாத்திரை ஆய்வில் சேர்ந்த பதினோராம் நாள் ஆண்டி இறந்துபோனார். மாத்திரை ஈரலைக் கெடுத்துவிட்டது என்று ரத்தப் பரிசோதனை சொன்னது. இன்னும் நாற்பது பேர் அதே மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தார்கள். சம்மதத்தாளும் பொய் என்று காட்டிவிட்டால், ஆய்வுகளைக் கண்காணிக்கும் குழு உடனே ஆய்வை நிறுத்திவிடும்.

மருந்துக் கம்பெனி ஆள் எவனோ தன் விரலை வைத்திருக்கிறான். பிடித்துவிட்டோம் என்ற நினைப்போடுதான் காரிமங்கலத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கினாள்.

ஆண்டியின் மனைவி பாஞ்சாலி வாசலில் உட்கார்ந்து கூலிக்குப் புளியங்கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். சில்வியா தாளைக் காட்டி, இது யார் ரேகை என்று கேட்டாள்.

“என்னுதுங்க மேடம். அவரு வெரலத்தான் ரேசன் கடை மிசினே மதிக்காதே. எங்க போனாலும் நான்தான் வெப்பேன்.”

சில்வியா பேனாவை மூடினாள். பிறகு திறந்தாள். ரேகை வைத்த அன்றைக்கு அவர் என்ன சொன்னார் என்று கேட்டாள்.

“அவருங்களா? ‘வேணாம் புள்ள, வா வூட்டுக்குப் போலாம்’னு ஆஸ்பத்திரியிலயே மல்லுக்கு நின்னாரு. ஊசின்னாலே ஓடற ஆளு. வாய மூடிட்டு உக்காருய்யான்னுட்டு நானே வெச்சுட்டேன். நர்சம்மாவும் சரின்னுட்டாங்க.”

சிரித்தாள். சிரித்தபடியே கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டாள். கையெல்லாம் புளி.

“அதுக்குள்ள பாழாப்போன காமாலை வந்து வாரிட்டுப் போயிடுச்சுங்க. ஒரு மாசம் முன்னாடியே அந்த மாத்திரையில சேத்திருந்தா மனுசன் பொழச்சிருப்பாரு. நான்தான் அசால்ட்டா இருந்துட்டேன்.”

சில்வியா விசாரணைக் குறிப்பை எழுதினாள். ஆறு வரி வந்தது.

ஐந்தாவது வரி: அவர் வேண்டாம் என்று சொன்ன பிறகும் மனைவியின் ரேகையை வாங்கிக்கொண்டு கொடுத்த மாத்திரையால் இறந்தார்.

அந்த வரி இல்லாவிட்டால் ஆய்வு நிற்காது.

எழுதியதை, சொன்னவருக்குப் புரிகிற பேச்சில் ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்ட வேண்டும். அப்புறம்தான் ரேகை வாங்கலாம். குழுவில் சண்டை போட்டு அந்த விதியைக் கொண்டுவந்தவளே சில்வியாதான். வரி தாண்டி வாசித்த இரண்டு பேரை வேலையைவிட்டு அனுப்ப வைத்ததும் அவள்தான்.

வாசித்தாள். நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு வரிக்கும் புரிந்ததா என்று கேட்டு. பெயர், ஊர், சேர்ந்த நாள், ரேசன் கடை மிஷின்.

ஐந்தாவது வரியைக் கண்ணால் மட்டும் படித்தாள்.

பிறகு ஆறாவது வரியை வாசித்தாள். மேலே கண்டவை எனக்கு முழுமையாக வாசித்துக் காட்டப்பட்டன.

“அவ்வளவுதாங்களா?”

“அவ்வளவுதாம்மா.”

பாஞ்சாலி கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டு விரலை நீட்டினாள். சில்வியாவே அதைப் பிடித்து, மையில் தோய்த்து, தாளில் அழுத்தினாள்.

நாள் முழுக்கப் புளியில் ஊறிய விரல். ரேகை ரொம்பத் தெளிவாக விழுந்தது.