கடைசி வரியை அழி

கை நடுக்கம் வந்து விசைகளைத் தட்ட முடியாமல் போன பிறகு, நாவலாசிரியர் சிதம்பரநாதன் வாயால் சொல்லச் சொல்லக் கணினிதான் கேட்டு எழுதியது. அவர் பார்த்துப் பார்த்துச் சொன்ன வாக்கியங்களையெல்லாம் கடித்துக் குதறிவிடும். ஆனால் தெருவில் ஸ்கூட்டர் சத்தம் கேட்கும்போதெல்லாம் மனைவி தெய்வானை சமையலறையிலிருந்து கொடுக்கும் குரலை மட்டும் ஒரு புள்ளி பிசகாமல் எழுதிவிடும்: ‘செழியா, வந்துட்டியா? கை கழுவிட்டு வா, தோசை ஊத்துறேன்.’ செழியன் அவர்களுடைய மகன். விபத்தில் போய்விட்டான். அவளுக்குத்தான் அது மறந்துபோய்விட்டது. கதையில் கல்யாணம் நடந்தாலும் கொலை நடந்தாலும் அந்த வரி நடுவில் வந்து உட்காரும். நடுங்கும் விரலால் அழிக்கப் போனால் பக்கமே காணாமல் போகும். அண்ணன் மகள் தொலைபேசியில் வழி சொன்னாள்: “எதுக்குச் சித்தப்பா கையை வைக்கிறீங்க? ‘கடைசி வரியை அழி’ன்னு சத்தமாச் சொல்லுங்க. அதுவே அழிச்சிரும்.”

மறுநாள் ஸ்கூட்டர் போனது. தெய்வானை கூப்பிட்டாள். வரி வந்தது. அவளுக்குக் கேட்காத குரலில் “கடைசி வரியை அழி” என்றார். கணினிக்கும் கேட்கவில்லை. குரலை உயர்த்திச் சொன்னார். வரி மறைந்தது.

தெய்வானை கரண்டியோடு அறை வாசலுக்கு வந்துவிட்டாள். “என்னத்தைங்க அழிக்கச் சொல்றீங்க?”

மறைந்த வரியின் இடத்தில் அந்தக் கேள்வி பிழையில்லாமல் வந்து நின்றது. அதையும் சத்தமாகச் சொல்லித்தான் அழிக்க வேண்டும். அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.